பசியை அளந்த கணக்கு

"பிள்ளை கணக்கில் கெட்டிக்காரன், என்ன படிக்க வைக்கலாம்?" என்று கேட்டால் நம் வீடுகளில் வரும் பதில்கள் தெரிந்தவைதாம்: பொறியியல், கணக்காய்வு, வங்கி, இப்போது கணினி. அதே கணக்கை வயலுக்குக் கொண்டுபோய், பிறகு உலகத்தின் பசியை அளந்த ஒருவரை இந்த வாரம் அறிந்துகொள்வோம்.

பாண்டுரங்க வாசுதேவ் சுகாத்மே 1911-இல் இன்றைய மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். லண்டனில் 1936-இல் புள்ளியியலில் முனைவர் பட்டம் பெற்று, நாடு திரும்பி வேளாண் ஆராய்ச்சி மன்றத்தில் சேர்ந்தார்.

அந்நாளில் இந்தியாவில் விளைச்சலைக் கிராம அதிகாரிகள் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டார்கள். "இந்தப் போகம் பன்னிரண்டு அணா" என்பதுபோலச் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, குலுக்கல் முறையில் வயலைத் தேர்ந்து, ஒரு துண்டு நிலத்தை அளந்து, அறுத்து, தானியத்தை நிறுத்துப் பார்க்கும் முறை வந்தது.

அதிலும் ஒரு சிக்கல். துண்டு சிறியதாக இருந்தால் விளைச்சல் கூடுதலாகக் காட்டுவதை சுகாத்மே எடுத்துக்காட்டினார். காரணம் எளிது. எல்லைக் கோட்டில் நிற்கும் பயிரை அறுப்பவர் உள்ளே சேர்த்துவிடுகிறார். ஒரு மீட்டர் சதுரத்தில் 1 சதுர மீட்டருக்கு 4 மீட்டர் எல்லை. பத்துக்கு ஐந்து மீட்டர் துண்டிலோ 50 சதுர மீட்டருக்கு 30 மீட்டர்தான். எல்லை குறைந்தால் பிழையும் குறையும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. பஞ்ச காலத்தில் விளைச்சலைக் கூட்டிச் சொன்னால், அரசாங்கம் தானியம் இருக்கிறதென்று நம்பிவிடும். வெளியிலிருந்து தருவிக்காது. பட்டினி கிடப்பது ஏழைதான்.

1951-இல் ரோமிலுள்ள ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் அவரை அழைத்தது. அங்கே புள்ளியியல் பிரிவின் தலைவராக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்தார். உலகில் மூன்றில் இரண்டு பங்கினர் பசியில் வாடுவதாகப் பேசப்பட்ட காலம் அது. 1961-இல் சுகாத்மே வேறு கணக்கை முன்வைத்தார்: வயிறு நிறையாதவர்கள் 10 முதல் 15 விழுக்காடு, சத்துக் குறைவையும் சேர்த்தால் பாதிப் பேர்வரை இருக்கலாம்.

ஒரு நாட்டின் சராசரி உணவு போதுமானதாகத் தெரியலாம். ஒரு வீட்டில் மிஞ்சுவதும் அடுத்த வீட்டில் பற்றாததும் சராசரியில் மறைந்துபோகும். வீடுகளுக்கிடையே உணவு எப்படிப் பங்காகிறது என்று பார்த்தால்தான் பசி தெரியும் என்றார். அந்நிறுவனம் இன்றும் உலகப் பசியைக் கணக்கிடும் முறைக்கு வேர் இதுதான். 1971-இல் பத்மபூஷண் பெற்ற சுகாத்மே, 1997-இல் மறைந்தார்.

இந்தத் துறைக்குக் கணிதம் வேண்டும், புள்ளியியல் பட்டம் வேண்டும், கணினியும் தெரிந்திருக்க வேண்டும். சேற்றில் இறங்கி, எல்லைக் கோட்டுப் பயிர் உள்ளேயா வெளியேயா என்று குனிந்து பார்க்கும் பொறுமையும் வேண்டும். பெரிய எண்ணைச் சொன்னால் பரிதாபம் கூடும் என்று தெரிந்தும், சரியான எண்ணையே சொல்லும் துணிவு அதைவிட முக்கியம்.

கணக்குப் பிடித்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.