வரி கொடுப்பவர்கள் கேட்கிறோம்: கூத்து எங்கே?

பங்குனி பிறந்துவிட்டால் பெங்களூரில் இருக்கும் நம்மவர் வீடுகளுக்கு ஊரிலிருந்து செய்தி வரத் தொடங்கிவிடும். காப்புக் கட்டப் போகிறோம், தலைக்கட்டு வரி இவ்வளவு, வெளியூரில் சம்பாதிப்பவர்கள் கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பார்கள். திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்து, சாரம் ஏறியும் செங்கல் சுமந்தும் வீட்டு வேலை செய்தும் பிழைக்கிற நாம் அந்த வரியைத் தட்டுவதில்லை. கடன் வாங்கியாவது கொடுக்கிறோம். ஊர்க் கணக்கில் நம் பெயர் இருக்க வேண்டும் அல்லவா?

கொடுப்பது சரி. கொடுத்த பணம் எங்கே போகிறது என்று கேட்கிறோமா?

முன்பு அந்தப் பணத்தில் கூத்து நடந்தது. இன்று பல ஊர்களில் அதன் பெரும் பங்கு மின்விளக்கு அலங்காரத்துக்கும், ஆள் உயர ஒலிபெருக்கிகளுக்கும், சினிமாப் பாட்டுக்கு ஆடும் ஆடல் பாடல் குழுவுக்கும் போய்ச் சேருகிறது. எட்டு இரவு, பத்து இரவு நடந்த கூத்து சில ஊர்களில் ஓர் இரவாகச் சுருங்கிவிட்டது. வேறு சில ஊர்களில் அந்த ஓர் இரவும் இல்லை. ஆடல் பாடல் குழுவில் ஆடும் பெண்களும் வயிற்றுக்காக உழைப்பவர்களே. அவர்கள் மேல் நமக்குப் பழி இல்லை. நம் கேள்வி வரியை வாங்கிச் செலவழிக்கும் விழாக் குழுக்களை நோக்கியது.

ஏழையின் பள்ளிக்கூடம்

வடதமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதக் கூத்து என்றால் ஊரே ஒரு பள்ளிக்கூடம் ஆகிவிடும். பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பிரசங்கியார் விரித்துச் சொல்வார். சொன்ன கதை இரவில் களரிக்கு வரும். அர்ச்சுனன் தபசில் வேடக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே தபசு மரம் ஏறுவார். கடைசி நாளில் மண்ணால் செய்த துரியோதனன் தரையில் நீண்டு படுத்திருக்க, அங்கே படுகளம் நடக்கும். அதன்பின் தீமிதி. எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் பாரதத்தை வரி பிசகாமல் சொன்னது இந்தப் பள்ளியில் கற்றதால்தான்.

கூத்து சாமிக்கு மட்டும் உரியதன்று. செத்தவர் வீட்டுக் கருமாதியில் கர்ண மோட்சம் ஆடுவார்கள். மகனை இழந்த தாய் குந்தியின் ஒப்பாரியில் தன் துக்கத்தையும் சேர்த்து அழுது தீர்ப்பாள். ஆறுதலுக்கு ஏழைகளிடம் இருந்த ஏற்பாடு இது. கட்டியக்காரனோ இன்னொரு வேலை செய்வான். அரசனைப் புகழ வந்தவன்போல் வந்து, அரசனையே கேலி செய்வான். போகிற போக்கில் ஊர்ப் பெரியதனக்காரரையும் வட்டிக்காரரையும் ஒரு குத்துக் குத்துவான். பகலில் நாம் வாய்திறக்க முடியாததை இரவில் அவன் நமக்காகப் பேசினான். வாடகைக்கு வந்த ஒலிபெருக்கி அப்படி ஒரு வார்த்தை பேசுமா?

ஆடுபவரும் உழைப்பாளியே

ஒரு ஜமாவில் பன்னிரண்டு பதினைந்து பேர் இருப்பார்கள். மத்தளம், முகவீணை, ஆர்மோனியம், தாளம், பின்பாட்டு, வேடக்காரர்கள், வாத்தியார். இவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள், கூலிக்காரர்கள். மரக்கட்டையால் ஆன கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் மார்புப் பதக்கத்தையும் கட்டிக்கொண்டு விடியும்வரை பாடி, ஆடி, சுழன்றுவிட்டு, காலையில் அரிதாரம் கலைத்து அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறுவார்கள். ஆடி கழிந்து விழாக்கள் குறைந்தால் கூத்து வருமானமும் குறையும். 2020இலும் 2021இலும் கொரோனா ஊரடங்கு வந்தது சரியாக விழாக் காலத்தில். இரண்டு ஆண்டுப் பிழைப்பு போயிற்று. நகரத்திலிருந்து மூட்டை முடிச்சுகளோடு திரும்பிய நமக்கு அந்த வேதனை தெரியாததா?

இவர்கள் திறமையில் குறைந்தவர்களும் அல்லர். செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்துக் கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்த்துத்தான் ந. முத்துசாமி போன்ற நகரத்து எழுத்தாளர்கள் தமிழ் நாடகத்தின் வேர் எங்கே என்று தெரிந்துகொண்டார்கள். 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை பிறந்தது. கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேசின் கதை ஒன்றையும் புரிசைக்காரர்கள் கூத்தாக ஆடிக் காட்டினார்கள். காஞ்சிபுரம் பகுதியில் பெ. இராஜகோபால் 1990இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கத்தின் மூலம் கலைஞர்களை ஒன்று திரட்டினார். பின்னர் குருகுலம் வைத்துப் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிப் படிப்போடு கூத்துக் கற்றுக்கொடுத்தார். ஆண்களே பெண் வேடம் கட்டிய கலையில் இது பெரிய மாற்றம். அந்தக் குருகுலம் 2020இல் மூடப்பட்டது.

அரசும் சட்டமும்

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் இருக்கிறது. 2007இல் சென்னை சங்கமம் தொடங்கி, கிராமத்துக் கலைஞர்கள் தலைநகரின் பூங்காக்களில் ஆடினார்கள். இடையில் நின்றுபோன அந்த விழாவை 2023இல் மீண்டும் தொடங்கினார்கள். நல்லதுதான். ஆனால் பொங்கலை ஒட்டிச் சில நாள் சென்னையில் ஆடுகிற கலைஞன், ஆண்டின் மற்ற நாட்களில் எங்கே ஆடுவான்? ஊரில் களரி இல்லாமல் போனால், பூங்காவில் ஆட நாளை ஆள் இருக்காது.

சட்டத்தையும் பார்ப்போம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலத்தில் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்குத் தரலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. இந்த விதி தேவைதான். நோயாளியும் கைக்குழந்தையும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் தூங்க வேண்டாமா? ஆனால் நெஞ்சு அதிர வைக்கும் ஒலிபெருக்கிச் சுவர் பத்து மணிக்குள் தன் வேலையை முடித்துக்கொள்ளும். பத்து மணிக்குத் தொடங்கும் கூத்துதான் காவல் நிலையத்தின் தயவில் நிற்கும். இதற்கு வழி உண்டு. பொழுது சாயும்போதே கூத்தைத் தொடங்கலாம். வீதிக்கொரு குழாய் கட்டாமல் களரிக்குள் மட்டும் கேட்கும் சிறு ஒலிபெருக்கி வைக்கலாம். விழா நாட்களுக்கான விலக்கை முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம்.

நாம் வாழும் கர்நாடக மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சிவமொக்கா மாவட்டத்து எக்கோடு ஒரு பாக்குத் தோட்டக் கிராமம். 1949இல் அங்கே நீனாசம் என்ற நாடகச் சங்கம் பிறந்தது. கே.வி. சுப்பண்ணா அதை வளர்த்தார். 1980இல் நாடகப் பயிற்சிப் பள்ளி, 1985 முதல் ஊர் ஊராகப் போகும் திருகாட்டக் குழு என்று கன்னட நாடகத்துக்கே அந்தக் கிராமம் வழிகாட்டியது. 1991இல் மகசேசே விருது அந்தக் கிராமத்தைத் தேடி வந்தது. கிராமத்தால் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

களரி எல்லோருக்கும்

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கூத்தைப் போற்றுகிறோம் என்று அதோடு ஒட்டிய சாதி அழுக்கையும் சேர்த்துப் போற்ற முடியாது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் நுழைந்தது 2023இல் தகராறாகி, கோயிலே பூட்டி முத்திரையிடப்பட்டது. நீதிமன்றம் சொல்லித்தான் 2024இல் கதவு திறந்தது. பறை அடிப்பதை ஒரு தெருக்காரர்களின் கடமை என்று எண்ணி, கூலிக்குப் பதில் சாராயம் ஊற்றிக் கொடுக்கும் வழக்கமும் இருந்துவந்தது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்து நாடு பறையை மதித்தது. ஊர் மதிக்க வேண்டாமா? பெங்களூரில் ஒரே சாரத்தில் நிற்கிறோம், ஒரே கலவையைச் சுமக்கிறோம். ஊரில் மட்டும் ஒரு தெருவுக்குக் களரியில் இடமில்லை என்றால் அந்த விழாவுக்கு நம் பணம் எதற்கு?

தோழர்களே, தாய்மார்களே! வரியை நிறுத்தச் சொல்லவில்லை. நிபந்தனையோடு கொடுக்கச் சொல்கிறோம். விழாக் குழு வரவு செலவை எழுதிக் காட்ட வேண்டும். குறைந்தது மூன்று இரவாவது கூத்து வைக்க வேண்டும். ஜமாவுக்குப் பேசிய தொகையை எழுத்தில் பேசி, முன்பணம் கொடுத்து, மீதியை வேடம் கலைப்பதற்குள் தர வேண்டும். சாப்பாடும் படுக்க இடமும் ஊரின் பொறுப்பு. பறைக்கும் மேளத்துக்கும் கலைஞர் கூலி கொடுக்க வேண்டும். களரியில் எந்தத் தெருக்காரரும் எங்கும் உட்காரலாம்.

ஓர் ஊரில் இருந்து வந்த பத்துக் குடும்பங்கள் சேர்ந்து இந்தச் சொல்லைச் சொன்னால் விழாக் குழு கேட்டே தீரும். ஏனென்றால் பணம் நம்முடையது. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊருக்கு அழைத்துப் போகும்போது கூத்து நாளாகப் பார்த்து அழைத்துப் போங்கள். கன்னடப் பள்ளியிலும் ஆங்கிலப் பள்ளியிலும் படிக்கும் அவர்கள், தங்கள் மொழி இப்படியும் இரவெல்லாம் பாடும் என்பதை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும்.