பொறுப்பைக் கொடுப்போம், தன்னம்பிக்கை தானே வரும்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தம் மகளுடன் என் வீட்டிற்கு வந்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண். சினிமா ஒளிப்பதிவு படிக்க வேண்டும் என்கிறாள். "நீங்கதான் சார் நாலு வார்த்தை சொல்லி இவ மனசை மாத்தணும்" என்றார் நண்பர். நானும், "ஏம்மா, கேமரா கனமாச்சே, ராத்திரி பகல் பார்க்காத வேலையாச்சே" என்று சொல்லி வைத்தேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவர்கள் போன பிறகு என் மனம் உறுத்தியது.

மும்பைத் தமிழர்களாகிய நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ல் வெளிவந்தது. அது எடுக்கப்பட்டது இந்த ஊரில்தான். அதன் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி நடிப்போடு நின்றுவிடவில்லை. 1936-ல் தம் நாவலையே 'மிஸ் கமலா' என்ற படமாகத் தயாரித்து இயக்கினார். தமிழின் முதல் பெண் இயக்குநர் அவரே. அதற்கும் பத்தாண்டுகளுக்கு முன், 1926-ல், இதே ஊரில் ஃபாத்மா பேகம் 'புல்புல்-ஏ-பரிஸ்தான்' என்ற ஊமைப் படத்தை இயக்கியிருந்தார். 1953-ல் பானுமதி 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் இயக்கினார். கேமரா கனம் என்றேனே, 1985-ல் 'சின்ன வீடு' படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர் பி.ஆர்.விஜயலட்சுமி என்ற பெண்மணி!

"அவர்களுக்குத் தன்னம்பிக்கை இருந்தது, நம் பெண்ணுக்கு இல்லையே" என்று சிலர் சொல்லக்கூடும். தன்னம்பிக்கை என்பது பிறக்கும்போதே கூட வருவதன்று. டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்த புதிதில் நானும் பயந்தவன்தான். ஒருநாள் தண்டவாளம் மாற்றும் வேலையை மேலதிகாரி என் பொறுப்பில் விட்டார். வேலை முடிந்து முதல் வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல வந்தது. பாதை ஓரத்தில் நின்றிருந்த எனக்கு நெஞ்சு படபடத்தது. கடைசிப் பெட்டியும் கடந்தது. அன்றைக்கு வந்த தைரியம், ஓய்வு பெறும் வரை என்னை விட்டுப் போகவில்லை. ஆயிரம் புகழ்ச்சி தராததை ஒரு பொறுப்பு தந்தது.

படைப்பு வேலைக்கும் இதே விதிதான். ஒரு காட்சியைத் தானே திட்டமிட்டு, தானே எடுத்து, தவறினால் தானே திருத்தும்போதுதான் துணிவு பிறக்கும். பாயல் கபாடியா புனேயில் திரைப்படக் கல்லூரியில் பயின்று, 2021-ல் ஆவணப்படத்திற்காகக் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றார். 2024-ல் அதே விழாவில், மும்பையில் வேலை பார்க்கும் மலையாள நர்சுகளைப் பற்றிய 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' படத்திற்காக 'கிராண்ட் பிரீ' பரிசு பெற்றார். படிப்படியாகக் கிடைத்த உயரம் அது.

பெற்றோரின் அச்சம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கேரளத் திரையுலகைப் பற்றி 2024-ல் வெளியான ஹேமா குழு அறிக்கை, பாலியல் தொல்லைகளை மட்டுமா பதிவு செய்தது? படப்பிடிப்பு இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறையோ உடை மாற்ற அறையோ இல்லாத அவலத்தையும் சொன்னது. அங்கே சீர்செய்ய வேண்டியது பெண்ணின் மனத்தையா, வேலை செய்யும் இடத்தையா? பாதை பழுதென்றால் பாதையைத்தான் பழுது பார்க்க வேண்டும். வண்டியை ஷெட்டில் பூட்டி வைப்பது தீர்வாகாது.

நம் சங்க ஆண்டு விழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளுக்குக் கோலமும் நடனமும் வரவேற்புரையும். வீடியோ எடுப்பது மட்டும் பையன்கள். அடுத்த விழாவின் படப்பிடிப்பு, எடிட்டிங் இரண்டையும் நம் பெண்களிடம் முழுமையாக ஒப்படைக்கலாமே! படம் கொஞ்சம் ஆடினால்தான் என்ன?

நண்பரிடம் மறுநாளே தொலைபேசியில் பேசி, நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டேன். "யோசிக்கிறேன் சார்" என்றார். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சேர்க்கைக்கான கடைசித் தேதி கடந்துவிடக் கூடாதே என்பதுதான் இப்போது என் கவலை.