முகமும் கேட்கும் 'என்ன?'

காது கேளாத ஒருவரிடம் நம் ஊர் காட்டும் ஜாடைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். வா. போ. உட்கார். சாப்பிடு. அதைத் தொடாதே. அப்புறம் பார்க்கலாம். ஒன்று ஏவலாக இருக்கும், இல்லாவிட்டால் தடையாக இருக்கும். களத்துமேட்டில் கூட வேலை செய்கிறவர்களும் சரி, ஒரே வீட்டில் வாழ்கிறவர்களும் சரி, அவரிடம் கேள்வி கேட்பது அபூர்வம். வேலை சொல்ல ஜாடை வைத்திருக்கிறோம், விசாரிக்க வைத்திருக்கவில்லை. ஒரு மனிதரைக் காலமெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் மனசில் இருப்பதை ஒருதரம்கூடக் கேட்காமல் இருப்பது கொடுமை. அது கொடுமை என்று நமக்கு உறைப்பதே இல்லை.

அதனால்தான் சைகை மொழியில் 'என்ன?' என்ற சொல்லை முதலில் கற்க விரும்பினேன். சொல்லிக்கொடுத்தவள் எங்கள் தெருவின் காது கேளாத பெண், வில்லியனூர்க்காரி. விடுதியில் தங்கிப் படிப்பவள், லீவுக்கு வந்திருந்தாள். உள்ளங்கையை விரித்து, விரல்களைத் தளர விட்டு, மணிக்கட்டை வெளிப்பக்கமாக ஒரு திருப்பு. கைக்கு அவ்வளவுதான் வேலை. நான் செய்து காட்டும்போது அவள் என் கையைப் பார்க்கவே இல்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் புருவத்தைத் தொட்டுக் காட்டி, தாடையை லேசாக மேலே தூக்கினாள். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவள் அம்மா சொன்னார்: "முகமும் கேக்கணுமாம் அண்ணா. கை மட்டும் கேட்டா அவளுக்கு அது கேள்வியாவே தெரியாதாம்."

இது அந்தப் பெண்ணின் தனி வழக்கம் இல்லை. சைகை மொழியின் இலக்கணமே அப்படித்தான். நாம் குரலை ஏற்றி இறக்கிக் காட்டுவதை அவர்கள் புருவத்தாலும் தலையின் அசைவாலும் காட்டுகிறார்கள். 'சாப்பிட்டாயா?' என்று ஆம், இல்லை என்ற பதிலுக்காகக் கேட்கும்போது தலை முன்னால் வரும். 'என்ன?' என்று விவரம் கேட்கும்போது தலை சற்றுப் பின்னால் போகும்.

இந்தியச் சைகை மொழியை ஆராய்ந்த மொழியியலாளர் உல்ரிகே ஸெஷான் இந்தச் சொல்லைப் பற்றி அருமையான விஷயம் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். பொதுவான வினாச்சொல் ஒன்றே பல கேள்விகளுக்குப் போதுமாக இருக்கிறது. இடத்துக்கான சைகையோடு சேர்த்தால் 'எங்கே?'. நேரத்தோடு சேர்த்தால் 'எப்போது?'. முகத்தைக் காட்டிச் சேர்த்தால் 'யார்?'. எண்ணிக்கையோடு சேர்த்தால் 'எத்தனை?'. வட்டாரத்துக்கு வட்டாரம் சில சைகைகள் மாறும். ஆனாலும் இந்த ஒரு சொல் கைவந்துவிட்டால் பாதி விசாரணை கைவந்த மாதிரிதான். வினாச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவது நமக்கு இன்னும் வசதி. 'உன் பெயர் என்ன?' என்று நாம் வாயால் கேட்கும் அதே வரிசையில் கையாலும் கேட்கலாம்.

கேள்வி இல்லாததால் வரும் கேட்டை ஆஸ்பத்திரி பெஞ்சில் பார்க்கலாம். காது கேளாத ஒரு பாட்டி மகனோடு வருகிறார். "அம்மாவுக்கு என்ன பண்ணுது?" என்று மகனைத்தான் கேட்பார்கள். அவர் தனக்குத் தெரிந்த வரையில் "வயித்து வலி" என்பார். பாட்டியின் கையோ விலாப்பக்கம் போய் நிற்கும். அதை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அவரை யாரும் கேட்கவில்லை. உள்ளங்கையை விரித்து அவர் முகத்தைப் பார்த்து 'என்ன?' என்றால், வலிக்கும் இடத்தை அவரே தொட்டுக் காட்டிவிடுவார்.

இந்த நிலைக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் அபே தெ லெப்பே என்ற பாதிரியார் சைகையைக் கொண்டு காது கேளாதவர்களுக்குப் பள்ளி நடத்திக் காட்டினார். 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, வாயால் பேசப் பழக்குவதே உயர்ந்தது என்று தீர்மானித்துச் சைகையை ஒதுக்கியது. அதன் பிறகு பல நாடுகளில் பிள்ளைகளின் கைகள் வகுப்பறையில் அடக்கப்பட்டன. அந்தத் தீர்மானங்களைக் கைவிட்டு வருத்தம் தெரிவிக்க, அதே கல்வியாளர் மாநாடு 2010இல் வான்கூவரில் கூடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் போன 130 ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

இன்று சட்டம் பக்கபலமாக நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியைத் தகவல் தொடர்பு முறையாக ஏற்றுக்கொண்டது. 2015இல் டெல்லியில் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. அதன் வீடியோக்களைக் கையில் இருக்கும் போனிலேயே காசில்லாமல் பார்க்கலாம். பாகூரில் இருப்பவருக்கும் பாரிஸில் இருப்பவருக்கும் ஒரே தூரம்தான்.

ஆனால் அகராதி ஊருக்குள் தானாக நடந்து வராது. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கின்றன. அந்தத் தாய்க்கு முதல் மாதத்திலேயே சைகை சொல்லித்தர ஆள் வேண்டும். மொழி குழந்தைக்குள் வேர்விடும் வயது திரும்பி வராது. ஆகவே ஒவ்வொரு அங்கன்வாடியிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலும் கைகளால் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கும் வேலைக்குக் காது கேளாதவர்களையே அமர்த்தி, முறையான சம்பளம் தர வேண்டும். அது அவர்களுடைய மொழி. அதை நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்தான்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருப்பார். 'என்ன?' என்ற இந்தச் சொல்லை அவரிடமே கற்றுக்கொண்டு, அவரிடமே முதலில் கேளுங்கள். கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடாதீர்கள். பதில் முடியும்வரை உங்கள் கண் அவர் மேலேயே இருக்கட்டும். பதில் புரியவில்லை என்றால் கூச்சப்படாமல் மறுபடி கேளுங்கள். அதற்கும் இதே சொல்தான்.