பழைய டீசல் காருக்கும் குத்தூசி போடுவோம்!

வணிகப் பெருமக்களே, குத்தூசி போட்டுப் பாராமல் ஒரு மூட்டை அரிசி வாங்காத நாம், பழைய டீசல் கார் என்றால் மட்டும் பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்து மயங்குகிறோம். கடை முதலை அதில் முடக்கிவிட்டுப் பின்னர் வருந்திப் பயனில்லை.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டார்ட் செய்து, ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென அடிக்கிறதா? சைலன்சரில் நீலப்புகை வருகிறதா? இரண்டும் இருந்தால் பெரும்பாலும் எஞ்சின் தேய்ந்துவிட்டது என்றே பொருள். நம்பிக்கையான மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் கூலி வீண்செலவல்ல.

1.4.2020 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் கரிப்புகை வடிகட்டி உண்டு. கடைக்கும் மார்க்கெட்டுக்குமாக ஓடும் சிறு ஓட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும். நீண்ட ஓட்டம் இல்லாதவருக்குப் பெட்ரோல் காரே லாபம் என்பது நம் கருத்து.

ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வரும்வரை முழுத் தொகையைக் கொடுக்காதீர்கள். வாங்கிய 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள்.

சரக்கில் காட்டும் கறாரைக் காரிலும் காட்டுவோம்!