கையெழுத்துப் போட்டால் வாயையும் கட்டிவிடுவதா?

"கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கியவனுக்கு வாதாட என்ன இருக்கிறது? வாதாட அனுமதி கேட்கும் மனு என்பதே இழுத்தடிக்கும் தந்திரம்" என்கிறார் ஒரு கட்டுரையாளர். இத்தகைய வழக்குகளின் சுருக்க விசாரணைக்கான, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் கட்டளையை அவர் பிரித்தாவது பார்த்தாரா?

சம்மன் கைக்கு வந்த 10 நாளில் ஆஜராக வேண்டும். அடுத்து தீர்ப்புக்கான சம்மன். அதற்கும் 10 நாள்தான். அதற்குள் பிரமாணப் பத்திரத்தோடு, 'வாதாட விடுங்கள்' என்று கேட்க வேண்டும். ஒப்புக்கொண்ட பாக்கியை நீதிமன்றத்தில் கட்டாமல் அனுமதி கிடைக்காது. வெற்றுச் சாக்கு என்றால் மனு தள்ளுபடி. 2016-இல் ஹப்டவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோல்களை வகுத்தே வைத்திருக்கிறது. இதில் எங்கே இழுத்தடிப்பது?

கையெழுத்தை யார் மறுத்தார்கள்? தகராறு தொகையில். நான் பார்த்த ஒரு வங்கிக் கணக்குத் தாளில், ரசீது கொடுத்து வாங்கிய இரண்டு தவணைகளைக் காணவே காணோம். அவை 'வராததற்கு' அபராத வட்டி. அந்த வட்டியும் அசலில் சேர்ந்து, அதற்கும் வட்டி. ரசீதுகள் கடன்காரரின் சட்டைப் பையில் மஞ்சள் பாய்ந்து கிடந்தன. அவற்றை நீட்டத்தான் அவர் அனுமதி கேட்டார்.

வேடிக்கை ஒன்று உண்டு. பாக்கி 20 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வங்கி கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்கே பதிலுரை தாக்கல் செய்ய எவர் அனுமதியும் வேண்டாம். கோடிக் கடன்காரர் நேராகப் பேசலாம். அதற்குக் குறைந்த பாக்கிக்கு வங்கி 37-ஆம் கட்டளையைக் கையில் எடுத்தால், டெம்போ வாங்கச் சிறு கடன் பெற்றவர்தான் வாய் திறக்கவே மனுப் போட வேண்டும். கட்டுரையாளருக்கு அந்த மனுவும் உறுத்துகிறது.