கணக்கில் வராத உப்பு

பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் இப்போது தவறாமல் ஒரு பகுதி இடம்பெறுகிறது. எவ்வளவு தண்ணீர் எடுத்தோம், எவ்வளவு மின்சாரம் செலவழித்தோம், எவ்வளவு கழிவை வெளியேற்றினோம், எத்தனை பெண்களுக்கு வேலை தந்தோம் என்று பக்கம் பக்கமாக அட்டவணைகள். 2021 மே மாதம் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கொண்டுவந்த விதிப்படி, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23ஆம் நிதியாண்டு முதல் இந்த விவரங்களைக் கட்டாயம் வெளியிட வேண்டும். வரவேற்க வேண்டிய விதி இது. ஆனால் அட்டவணையை நிரப்பக் கற்ற நம் தொழில்துறை, எதை அளக்க வேண்டும், அளந்ததை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பதை இன்னும் கற்கவில்லை. அப்படிக் கற்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு ஏற்கெனவே காட்டிவிட்டது.

நொய்யல் பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. யாருடைய வயலுக்காக அணை கட்டப்பட்டதோ, அந்த ஆயக்கட்டு விவசாயிகளே அதன் தண்ணீர் வேண்டாம் என்றார்கள், நீதிமன்றப் படியேறினார்கள். மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்பதை 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதன் பிறகும் நிலைமை மாறாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பட்டறை முதலாளிகள் கடனில் விழுந்தார்கள், தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள், சாயமிடும் வேலை வேறு ஊர்களுக்குப் போனது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்பும் ஊரே நிலைகுலைந்தது.

இத்தனைக்கும் அடிப்படை, தவறான அளவை. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும், உப்பு தங்காது. போட்ட உப்பு ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். தொடக்ககாலச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன. கரைந்த உப்பை அவற்றால் எடுக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரிந்த நிறத்தைப் பார்த்தோம், கண்ணுக்குத் தெரியாத உப்பை விட்டுவிட்டோம். மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் ஓட்டமே இல்லாத ஆறு நொய்யல்; நூற்றுக்கணக்கான பட்டறைகளின் உப்பை நீர்க்கச் செய்ய அதில் தண்ணீர் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பட்டறையும் சிறியதுதான். மொத்தச் சுமையை ஆறு தாங்குமா என்று கேட்கத்தான் ஆளில்லை. அந்த உப்பு நிலத்தடியில் இறங்கிக் கிணறுகளுக்குப் போனது.

அதே பிழையை இன்று நேர்த்தியான தாளில் திரும்பச் செய்துகொண்டிருக்கிறோம். ஒரு கணக்கைப் பாருங்கள். ஓர் ஆலை சென்ற ஆண்டு 10 கோடி லிட்டர் தண்ணீர் எடுத்து 100 கோடி ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு 11 கோடி லிட்டர் எடுத்து 125 கோடி ரூபாய்க்கு விற்கிறது. ஒரு ரூபாய் விற்பனைக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கிட்டால், தண்ணீர்ப் பயன்பாடு 12 சதவீதம் குறைந்துவிட்டது! அறிக்கையின் முகப்பில் இடம்பிடிப்பது இந்த 12 சதவீதம்தான். நிலத்தடியிலிருந்து கூடுதலாக உறிஞ்சிய ஒரு கோடி லிட்டர் உள்பக்க அட்டவணையில் ஒரு வரியாக ஒதுங்கிவிடும். விலைவாசி ஏறினாலே குறைந்துவிடும் ஓர் எண்ணை நீடித்த வளர்ச்சியின் அடையாளமாகக் கொள்வது ஆபத்து.

ஒன்றை மட்டும் அளப்பதும் போதாது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற விதியை ஏற்று, பல கோடி செலவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்து, திருப்பூர் மீண்டு எழுந்தது. அந்த உழைப்பை மதிக்கிறோம். ஆனால் கழிவுநீரைக் கொதிக்கவைத்து வற்றச்செய்ய விறகும் மின்சாரமும் ஏராளமாக வேண்டும். திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் சேர்கிறது. வெளியேற்றிய நீர் பூஜ்யம் என்று எழுதும்போது, எரித்த விறகையும் அடுக்கிய மூட்டையையும் பக்கத்திலேயே எழுதினால்தான் அது முழுக் கணக்கு.

இன்னும் பெரிய ஓட்டை, சப்ளை செய்யும் சிறு தொழில்களின் பக்கம் இருக்கிறது. திருப்பூரில் ஒரு பனியன் நூற்பு, பின்னல், சாயம், பிரிண்டிங், தையல் என்று பல கை மாறித்தான் பெட்டிக்குள் போகிறது. பாதிப்பு அதிகம் நேர்வது ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகளில். பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சப்ளை செய்வோரின் விவரத்தையும் தர வேண்டும் என்று 2023இல் சொன்ன செபி, பிறகு அதைத் தள்ளிவைத்து, விரும்பினால் தரலாம் என்று தளர்த்திவிட்டது. தந்தாலும், மொத்தக் கொள்முதலில் 2 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ளவர்களைச் சொன்னால் போதும். எந்தச் சாயப்பட்டறை அந்த 2 சதவீதத்தை எட்டும்? ஐரோப்பிய ஒன்றியமும் 2025இல் தன் நிறுவனங்களுக்கான இத்தகைய கடமைகளைத் தள்ளிவைத்தது. பிடி தளர்வதைக் கண்டு நம் தொழில்துறை நிம்மதிப் பெருமூச்சு விடுமானால், அது தன் காலடியிலேயே குழி பறிப்பதாகும். விதி தள்ளிப்போனால் கிணற்றில் இறங்கும் உப்பும் தள்ளிப்போகுமா?

செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவதாக, ஒவ்வொரு நிறுவனமும் எடுத்த நீரையும் விட்ட கழிவையும் மொத்த அளவாக முகப்பிலேயே சொல்ல வேண்டும். அது இயங்கும் ஆற்றுப்படுகை எவ்வளவு தாங்கும் என்பதை அரசு அறிவித்து, அந்த எல்லையோடு ஒப்பிட வேண்டும். இரண்டாவதாக, சிறு பட்டறைகள் தனித்தனியே நிபுணரை அமர்த்த முடியாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் போலவே, ஒவ்வொரு தொழில் வட்டாரத்துக்கும் பொதுவான அளவீட்டு மையமும் பயிற்சியும் வேண்டும். வணிகவியல் படிக்கும் மாணவர் வரவு செலவோடு தண்ணீர்க் கணக்கும் எழுதப் பழக வேண்டும்.

மூன்றாவதாக, பாதிக்கப்படுவோர் கையிலும் அளவுகோல் இருக்க வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும், பேனா அளவே உள்ள டிடிஎஸ் மீட்டரை நனைத்தால் நொடிகளில் எண் காட்டும். குடிநீரில் இந்தக் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். ஊராட்சிதோறும் குறித்த கிணறுகளில் மாதந்தோறும் எடுத்த அளவைப் பலகையில் எழுதிப் போட்டால், அடுத்த நொய்யலை நீதிமன்றம் போகும் முன்பே கண்டுபிடிக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும் கருவிப் பதிவுகளும் விவசாயி படிக்கும்படி தமிழில் வெளிவர வேண்டும்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: எண்ணுக்கு அதிகாரம் வேண்டும். எல்லை தாண்டினால் ஆர்டரை நிறுத்துவது யார், செலவை ஏற்பது யார் என்று முன்கூட்டியே எழுதி வைக்காத அளவீடு வெறும் சடங்கு. சுத்திகரிப்புச் செலவு முழுவதையும் பட்டறையின் தலையில் கட்டிவிட்டு, துணி விலையைக் கறாராகக் குறைக்கும் பையர்களும் அந்தச் செலவில் பங்கேற்க வேண்டும்.

நீடித்த வளர்ச்சிக்கான 17 இலக்குகளை 2030க்குள் எட்டுவோம் என்று 2015இல் ஐ.நா.வில் உறுதியளித்த நாடு இது. எஞ்சியிருக்கும் காலம் சொற்பம். செபி தான் தளர்த்திய விதியைத் திரும்பக் கட்டாயமாக்க வேண்டும். தமிழ்நாடு அரசு தொழில் வட்டார அளவீட்டு மையங்களை அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்க வேண்டும். இன்னொரு நதியைப் பலிகொடுத்து இந்தப் பாடத்தைக் கற்க நமக்கு உரிமையில்லை.