நல்ல நூலுக்கு வேலி எதற்கு?

இத்தாலியில் பிறந்த இயேசு சபைக் குரு வீரமாமுனிவர், மக்கள் பேசும் தமிழுக்கு இலத்தீனில் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதினார். 1738இல் அதைத் தரங்கம்பாடியில் அச்சிட்டவர்கள் யார் தெரியுமா? அவர் எதிர்த்து எழுதிய லுத்தரன் சபையார்! 1848இல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வழங்கியவரும் கத்தோலிக்கர் அல்லர். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலத் திருச்சபைக் குருவாயிருந்த ஜார்ஜ் வில்லியம் மாஹன். கொள்கை வேறாயினும் நூலின் பயனை அவர்கள் மறுக்கவில்லை.

பல சமயத்தார் ஒரே தமிழ் பேசி வாழும் ஊர் நம் வீரசோழன். மகள் புதிய புத்தகம் கொண்டுவந்தால், "எழுதியவர் எந்த மதம்?" என்று கேட்கும் பெற்றோர் இங்கும் உண்டு. அன்புகூர்ந்து, "என்ன கற்றாய்?" என்று முதலில் கேளுங்கள். தோழியரே, பிறர் நூலைப் படிப்பதால் நம் விசுவாசம் தேயாது. அறிவு வளரும், அயலார்மீது அன்பும் வளரும்.